கோரக்ஷேப்பில் இறக்கிவைத்த பாரம்

தலை வலிக்கிறது என்று லொபுசேயில் ரணஹாங் சொன்னபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுமை தூக்குகிறவனுக்குத் தலை வலிக்காமல் வேறு என்ன வலிக்கும்? முதுகில் இருக்கிற கூடையின் பாரம் முழுவதையும் நெற்றியில் போட்ட பட்டைதான் இழுத்துப் பிடிக்கிறது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு மாடு மாதிரி நடந்தால் மண்டை தெறிக்கத்தான் செய்யும். வெள்ளைக்காரர்களுக்குத் தலை வலித்தால் அது உயரத்தால் வந்தது. எங்களுக்கு வலித்தால் அது பட்டையால் வந்தது. இந்தப் பாதையில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படியே நினைக்கிறோம்.

"பட்டையைக் கொஞ்சம் மேல ஏத்திப் போடுடா," என்றேன்.

"மேல ஏத்தினா முடி போயிரும் அண்ணி. அப்புறம் எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"முடி இருக்கும்போதே எவனும் குடுக்கலயே."

சிரித்தான். சிரித்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ரணஹாங் என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் மலேசியாவில் கையுறை செய்கிற ஃபேக்டரியில் இருக்கிறார். அவர் போன பிறகு நானும் கொழுந்தனும் சேர்ந்து சீசனுக்குச் சீசன், மலைப்பாதை தொடங்குகிற லுக்லாவுக்கு வந்து பாரம் பிடிக்கிறோம். நாங்கள் கீழ்மலையில் போஜ்பூர் பக்கத்து ராய் சாதிக்காரர்கள். எங்கள் ஊரில் வாழை காய்க்கும், ஆரஞ்சு காய்க்கும், வெயில் காலத்தில் பாயை முற்றத்தில் போட்டுப் படுப்போம். ஆனால் நேபாளி என்றாலே பனியில் பிறந்து பனியைத் தின்று வளர்ந்தவன் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சுதான் எங்களைப் பாதி கொல்கிறது.

இந்தத் தடவை கொண்டுபோனது ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டியை. அவருக்கு மார்புவரை தாடி. அந்த அம்மா ஒல்லி, அதிகம் பேசாது. பேஸ் கேம்ப்வரை நடை, திரும்புவதற்கு ஹெலிகாப்டர். கைடு புஷ்கர். கையில் கைபேசியும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் தவிர வேறெதையும் சுமக்காதவன். தன்னுடைய பையையும் என் கூடையில்தான் போட்டிருந்தான். ரணஹாங்கின் கூடையில் வெள்ளைக்காரர்களின் பெரிய பைகள் இரண்டும் இருந்தன.

பாதையின் கடைசி விடுதிகள் இருக்கிற கோரக்ஷேப்புக்கு வந்து சேர்ந்த அன்று மத்தியானமே அவர்கள் மூவரும் பேஸ் கேம்புக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் விடுதியில் இருந்தோம். ரணஹாங் சோற்றைத் தொடவில்லை. பூண்டுத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், வாந்தி எடுத்தான். அப்போதே புஷ்கரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு நாள் பொறுக்க முடியாதா?" என்றான். "நாளைக்கு இவங்க பறந்துருவாங்க. நீங்க வெறுங்கூடையோட கைய வீசிக்கிட்டு இறங்கிப் போங்க. பாரமே இல்லாம இறங்குறதுக்கு உங்களுக்கு வலிக்குதா?"

மறுநாள் காலையில் ரணஹாங்குக்குச் செருப்புக்கும் காலுக்கும் சம்பந்தம் இல்லாமல் போயிருந்தது. இடது காலை வலது செருப்புக்குள் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுப்பி நிற்கவைத்தேன். இரண்டு அடி வைத்துச் சுவரில் சாய்ந்தான். உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. என்னை "அம்மா" என்று கூப்பிட்டான். எத்தனை கேலி பேசினாலும் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

புஷ்கர் வெளியே மணல்வெளியில் நின்று ஹெலிகாப்டருக்குக் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இவன ஹெலிகாப்டர்ல அனுப்பணும். பெரிசேல ஆஸ்பத்திரி இருக்கு, அங்க இறக்கிவிட்டாப் போதும்."

"ராத்திரி குடிச்சிருப்பான்."

"வாயை மோந்து பாருங்க. பச்சத் தண்ணி உள்ள போகல."

"ஏய், புரியாமப் பேசாத. இந்த உயரத்துல ஹெலிகாப்டர் ரெண்டு பேருக்கு மேல தூக்காது. முதல் நடை அவங்க ரெண்டு பேரும். ரெண்டாவது நடை பைகளும் நானும்."

"ரெண்டாவது நடையில நீங்க நின்னுட்டு இவன ஏத்துங்க."

"பத்து மணிக்கெல்லாம் கீழேயிருந்து மேகம் ஏறிரும். ரெண்டாவது நடை வருமோ வராதோ. சாயங்காலம் நான் காத்மாண்டுல இன்னொரு குரூப்ப எடுக்கணும். நீயா வந்து எடுப்ப?"

"அப்ப முதல் நடையில இவனை ஏத்துங்க."

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தான். கழுதை பேசுவதைக் கேட்டவன் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அது அவங்க காசு போட்டுக் கூப்பிட்ட ஹெலிகாப்டர்டீ. உன் கொழுந்தன ஏத்த அது என்ன உங்க ஊர் பஸ்ஸா? கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போ. பலசாலிதானே நீ?"

தூக்கிப் பார்க்காமல் இருப்பேனா? அதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் கீழே இருக்கிற லொபுசேவரை பாதை நேராக இறங்காது. பாறைக் குவியல்மேல் ஏறி இறங்கி, மறுபடி ஏற வேண்டும். என்னைவிட ஒரு பிடி உயரமான ஆளை வைத்துக்கொண்டு நான் அங்கே போய்ச் சேருவதற்குள் கூடையில் இருப்பது பிணமாகிவிடும்.

நான் உள்ளே போனேன். மூன்று பைகளையும் சேர்த்து நான் கட்டிவைத்திருந்த மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். ஒருவர் கட்டிய பாரத்தில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அதேபோல ஒத்துக்கொண்ட பாரத்தைச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை. நடுவழியில் பாரத்தைப் போட்டவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்தால் லுக்லாவில் அவனுக்கு டீகூட ஊற்ற மாட்டார்கள். இதெல்லாம் புஷ்கருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவன் என்னைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தான்.

சத்தம் கேட்டது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஹெலிகாப்டர் ஏறி வந்துகொண்டிருந்தது.

"பைகளைக் கொண்டு வாடீ!" என்று புஷ்கர் உள்ளே ஓடிவந்தான்.

"இவன ஏத்துறேன்னு சொல்லுங்க, கொண்டாரேன்."

அவன் ஒரு பையைக் கயிற்றோடு இழுத்தான். மூன்றும் சேர்ந்து வந்தன. நான் விலகி நின்று வேடிக்கை பார்த்தேன். வாசல்வரை இழுத்துவிட்டு முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான். அவன் சொந்தப் பைதான் எல்லாவற்றிலும் கனம்.

"ஏன், தூக்குங்களேன். இறங்குறது சும்மாதானே?" என்றேன்.

தாடிக்காரர் வந்து என்னவென்று கேட்டார். புஷ்கர் ஆங்கிலத்தில் பேசினான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இந்தப் பாதையில் நடக்கிற எவளுக்கும் 'மணி' என்றால் என்ன, 'டிப்ஸ்' என்றால் என்ன என்று தெரியும். அந்த இரண்டு வார்த்தையும் அவன் வாயிலிருந்து மாறி மாறி வந்தன. சாகக் கிடக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

தாடிக்காரர் முகம் சுளித்து, சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. நோட்டைத் தட்டிவிட்டேன். இங்கே பணத்தைக் காலில் போடுவது பாவம். பரவாயில்லை, அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும். "சிக்! சிக்!" என்று, நோயைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒற்றை ஆங்கில வார்த்தையைக் கத்திக்கொண்டு ரணஹாங் கிடந்த மூலையைக் காட்டினேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. குனிந்து நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஹெலிகாப்டரை ஓட்டுகிறவன் நேபாளி. அவனிடம் பேசுவதற்கு நடுவில் எவனும் வேண்டாம்.

ரணஹாங்கின் கூடையை எடுத்து ஒரு பக்கத்தை அடுப்படியில் கிடந்த அரிவாளால் கீறினேன், கால் வெளியே வருவதற்கு. அவனை உள்ளே உட்காரவைத்து என் சால்வையால் இடுப்பைக் கட்டினேன். பட்டையை நெற்றியில் மாட்டி, கைத்தடியை ஊன்றி எழப் பார்த்தேன். முதல் தடவை எழ முடியவில்லை. விடுதிக்காரப் பெண் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

"பார்த்துப் போக்கா, காத்தாடி தலைய சீவிரும்!"

"சீவட்டும். தலைவலியாவது தீரும்."

மணல்வெளியில் ஹெலிகாப்டர் இறங்கியிருந்தது. அந்த உயரத்தில் அதை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று பயம். விசிறி சுற்றிக்கொண்டே இருக்க, மணலும் பனித்தூளும் முகத்தில் அடித்தன. தாடிக்காரரும் மனைவியும் குனிந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். புஷ்கர் என் கூடையைப் பிடித்து இழுத்தான். கைத்தடியால் அவன் முழங்காலில் ஒன்று வைத்தேன். விட்டுவிட்டான்.

ஓட்டுகிறவன் இருந்த பக்கத்துக் கதவில் போய் நின்று அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். கூடையில் உட்கார்ந்திருந்த ரணஹாங்கின் முகம் அவனுக்கு நேராக வந்தது.

கதவு திறந்தது.

"யாருக்கா இது?"

"என் கொழுந்தன். நேத்துலேருந்து இப்படி. ஏத்த மாட்டேங்கறானுங்க."

"குடிகாரன் சார்!" என்று புஷ்கர் பின்னாலிருந்து கத்தினான். "ராத்திரி பூரா குடி!"

"குடிச்சா உதடு நீலமாகுமாய்யா?" என்றான் அவன். "ஏத்துக்கா. பெரிசேல இறக்கிவிடுறேன். படுக்கவைக்கணும், அதனால கூட ஒரே ஒரு ஆளு. மத்தவங்களுக்குத் திரும்ப வரேன். இங்கேருந்து பெரிசே அஞ்சு நிமிஷம். போய் வர்றது கால் மணி நேரம்."

கால் மணி நேரம். இவ்வளவு மன்றாடியும் அவர்கள் கொடுக்க மறுத்தது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

ரணஹாங்கைக் கூடையிலிருந்து உருவி உள்ளே கிடத்தினேன். நிமிர்ந்து, நான் ஏறலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் தோளை இடித்துக்கொண்டு தாடிக்காரர் ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் கேமரா. பெல்ட்டை மாட்டினார். அந்த அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. அவர் ஏதோ சொன்னார். அடுத்த நடையில் நீ வா என்றுதான் இருக்கும். கதவு மூடியது.

ஹெலிகாப்டர் மூக்கைக் குனிந்துகொண்டு பள்ளத்தாக்குக்குள் விழுந்தது. அது போன திசையைப் பார்த்து அந்த அம்மா தன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னது. அகராதி தேவைப்படாத வார்த்தை.

கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. மேகம்தான் வந்தது. முதலில் கீழே இருந்த பனியாற்றை மூடியது, பிறகு எதிரே இருந்த மலையை, பிறகு எங்களையே. புஷ்கர் கைபேசியில் கத்தினான். இன்று பறக்க முடியாது, நாளைக் காலையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. என்னை அடிக்க வேண்டும் என்றுதான் அவனுக்கு இருந்திருக்கும். ஆனால் பைகள் கீழே இறங்க என் முதுகு வேண்டுமே.

"சரி சரி, ஆனது ஆச்சு," என்றான். "அந்தம்மா இங்க தங்க மாட்டேங்குது, நடக்குதாம். பெரிசேவரைக்கும் பைகளைத் தூக்கு. உன் கொழுந்தனும் அங்கதானே இருக்கான்?"

"நான் வேகமாப் போகணும்."

"பாரத்த நடுவழில போட்டவள்னு லுக்லா பூராச் சொல்லுவேன். இந்த ஜென்மத்துல உனக்கு ஒரு பை கிடைக்காது."

"உங்க பைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும். நல்லா கனமா இருக்கு. தூக்கிட்டு வாங்க."

அந்த மூட்டையைப் பார்த்தேன். கட்டியவள் நான். இத்தனை வருஷத்தில் மழையிலும், காய்ச்சலிலும், ஒரு தடவை வயிற்றில் பிள்ளையோடும் எந்தப் பாரத்தையும் நான் வழியில் விட்டதில்லை. கயிற்றின் முடிச்சை அவிழ்த்தேன். கயிறு என்னுடையது. அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

முதுகில் ஒன்றும் இல்லாமல் அந்தப் பாதையில் நடந்தது அதுதான் முதல் தடவை. உடம்பு தடுமாறியது.

பெரிசே போனபோது வெளிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரணஹாங் மூக்கில் ஆக்ஸிஜனோடு கிடந்தான். உதட்டின் நீலம் பாதி போயிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னாள். தாடிக்காரர் எங்கே என்று கேட்டேன். ஏதோ விடுதியில் பீட்சா தின்றுகொண்டிருக்கிறாராம்.

ரணஹாங் கண்ணைத் திறந்தான். என் முதுகைப் பார்த்தான். எட்டி வாசலைப் பார்த்தான்.

"அண்ணி, பாரம் எங்க?"

"மேல."

"மேலன்னா?"

"கோரக்ஷேப்புல. விட்டுட்டு வந்துட்டேன்."

"விட்டுட்டு வந்தீங்களா?" முழங்கையை ஊன்றி எழுந்தான். "பைத்தியமா உங்களுக்கு? இனிமே எவன் நம்மள கூப்பிடுவான்? அண்ணன் கேட்டா என்ன சொல்லுவீங்க? போங்க, இப்பவே போய் எடுத்துட்டு வாங்க!"

புஷ்கர்மேல்கூட வராத அளவுக்குக் கோபம் இவன்மேல் வந்தது. நெற்றித் தோல் உரிய இவனைத் தூக்கியிருக்கிறேன். இவன் பைகளைக் கேட்கிறான்.

"செத்துப்போடா நாயே!" என்று கத்தினேன். "உன்னைத் தூக்கினதுக்கு அந்தப் பையையே தூக்கியிருக்கலாம். அது வாயத் திறக்காது!"

"தூக்கியிருக்க வேண்டியதுதானே! யாரு வேண்டான்னா?"

டாக்டரம்மா ஓடிவந்தாள். நோயாளி பேசக் கூடாது, ஆக்ஸிஜன் குழாய் கழன்றுவிடும் என்றாள். அவன் கேட்கவில்லை. படுத்துக்கொண்டே மூச்சு விடாமல் என்னைத் திட்டினான். நானும் விடவில்லை.