அரை நூல்

வங்காளத்தின் கார்டன் ரீச்சில் ஆற்றங்கரைச் சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் இரண்டு வருடத்துக்கு முன்பு பதினோரு பட்டறைகள் ஓடின. இப்போது நான்கில்தான் ஷட்டர் தூக்குகிறார்கள். கப்பல் வேலை செய்யும் பெரிய இடங்களுக்கே ஆர்டர் குறைந்ததால், வெளியே கொடுத்துவந்த சில்லறை வேலைகளை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். மேல்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் கடைசி வீட்டுக் குழாய்தான் முதலில் காற்றைக் கக்கும். சந்தின் நிலைமை அதுதான்.

மிச்சமிருந்த நான்கில் முகமது இஸ்மாயிலின் பட்டறையும் ஒன்று. அங்கே ஆட்கள் ஆறு பேர், வேலை நான்கு பேருக்கு. இரண்டு பேரை நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அந்த இரண்டு பேர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாகச் சேர்ந்தவன் உத்தமன். அரம் போட்டுப் பிசிறு எடுக்கும் மேக்னாவின் வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்பது எல்லோருடைய எண்ணம்.

உத்தமன் கோவையில் பம்பு பட்டறைகளில் பதினெட்டு வருடம் லேத் ஓட்டியவன். மனைவி வசந்திக்கு இங்குள்ள ரயில்வே தலைமையகத்துக்கு மாற்றல் வந்தபோது உடன் கிளம்பினான். பொண்டாட்டி பின்னால் போகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். லேத் எந்த ஊரிலும் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான். அது ஆயிற்று பதினான்கு மாதம்.

ஆள்குறைப்பைத் தடுக்கக் கணக்குப் போட்டவர், வார்ப்புக்கு மணலில் அச்சு கட்டும் ஹரிஷங்கர். நான்கு பேர் ஆறு நாள் வேலை செய்தால் இருபத்துநான்கு நாள் வேலை. ஆறு பேர் நான்கு நாள் செய்தாலும் அதே இருபத்துநான்குதான். எல்லோருக்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். ஆனால் ஆள் யாரும் போகவேண்டாம். இஸ்மாயில் யோசித்துவிட்டு ஓட்டையைக் கண்டுபிடித்தார். அச்சு கட்டுகிறவனுக்கு விடுப்பு என்றால் அன்றைக்கு அச்சு யார் கட்டுவது? அதற்கும் ஹரிஷங்கரிடம் பதில் இருந்தது: ஒவ்வொருவரும் இன்னொருவர் வேலையைக் கற்றுக்கொள்வது.

மூன்று வாரம் அப்படியே நடந்தது. உத்தமன் ஹரிஷங்கரிடம் அச்சு படித்தான். தன்னைவிட எட்டு வயது மூத்த மேக்னாவுக்கு லேத் காட்டிக் கொடுத்தான். பிறகு இஸ்மாயில் பரீட்சை வைத்தார். ஒரு படகுக் கம்பெனிக்கு மூன்று வெண்கல புஷ் வேண்டும். படகின் விசிறித் தண்டு உள்ளே சுழல்வதற்கான தடித்த உருளை அது. மாற்றுக் கைகளே அதைச் செய்யவேண்டும். மூன்றில் ஒன்று வீணானாலும் பழையபடி இரண்டு பேர் வெளியே.

அச்சு கட்டும் நாளில் ஹரிஷங்கருக்கு விடுப்பு. உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் மர மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும். வெண்கலத்துக்கு அடிக்கு ஒன்றரை நூல் சேர்த்தால் சரி. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வங்காளிகளும் இதே அளவை ஷுதோ என்கிறார்கள். அதற்கும் நூல் என்றுதான் பொருள். இதைத் தெரிந்துகொண்ட நாளில் உத்தமனுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. சுருக்கத்துக்குச் சேர்த்தபின், லேத்தில் சீவி எடுக்கச் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் சதை விடவேண்டும். எவ்வளவு? போன் போட்டான்.

"ஆராய் ஷுதோ" என்றார் ஹரிஷங்கர். பின்னால் பஸ்ஸின் ஹாரன்.

அரை நூல் என்று உத்தமன் காதில் விழுந்தது. ஹரிஷங்கர் அவனைச் சீண்டுவதற்காகவே போதும், வாங்க, சாப்பாடு என்று சில தமிழ்ச் சொற்களைக் கற்று வைத்திருந்தார். இன்றைக்கு அரையும் சேர்ந்துவிட்டது என்று உத்தமன் நினைத்தான். அரை நூல் சதை போதுமென்றால் எவ்வளவு சுத்தமாக அச்சு கட்டுகிற மனுஷன்! கோவைக்காரன் அதற்குக் குறைந்தவனா? திருப்பிக் கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. மணலை ஒரு முறைக்கு மூன்று முறை சலித்தான். மாதிரியை ஒட்டிய மணலை விரல் நுனியால் அமுக்கினான். மேலே கரிப்பூச்சை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தான். உருக்கிய வெண்கலத்தை மறுநாள் ஊற்றினார்கள்.

ஆறிய புஷ்களை அடுத்த நாள் அச்சை உடைத்து எடுத்தபோது ஹரிஷங்கர் பக்கத்தில் நின்றார். அளந்தார். மறுபடி அளந்தார். வங்காளத்தில் ஆராய் என்றால் இரண்டரை. பட்டறையில் உத்தமனிடம் எல்லோரும் இந்தியில் பேசுவதால் இரண்டரையை டாய் என்றே கேட்டுப் பழகியவன் அவன். இரண்டரை நூல் இருக்கவேண்டிய இடத்தில் அரை நூல் இருந்தது.

"நீங்க தமிழ்ல சொன்னீங்கன்னு நெனச்சேன், ஹரிதா" என்றான் உத்தமன். அண்ணன் என்பதற்கு இங்கே பெயரோடு தா சேர்த்தால் போதும்.

"எனக்கு அவ்வளவு தமிழ் தெரிஞ்சா நான் ஏன் இங்க மண்ணு சலிக்கிறேன்?" என்றார் ஹரிஷங்கர். சிரிக்கவில்லை.

லேத் வேலை மறுநாள். அது மேக்னாவின் நாள். சாயங்காலம் வீட்டில் தோசைக்கல்லின் முன் நின்ற வசந்தியிடம் உத்தமன் எல்லாவற்றையும் சொன்னான். இஸ்மாயிலுக்கு இன்னும் தெரியாது. விடிந்ததும் போய், மற்றவர்கள் வருமுன் தானே மூன்றையும் கடைந்துவிட்டால்? தன் கைக்கு அரை நூல் போதும். மேக்னாவின் கைக்குப் போதுமா என்பது தெரியாது.

வசந்தி தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஏனுங்க, நீங்க கடைஞ்சு அந்தக்கா கடைஞ்சதுன்னு சொல்லுவீங்களா? அப்பறம் அந்தக்காவுக்கு லேத் தெரியும்னு யாரு நம்புவா? அவங்களே நம்பமாட்டாங்க."

காலையில் உத்தமன் இஸ்மாயிலிடமும் மேக்னாவிடமும் நடந்ததை அப்படியே சொன்னான். பொருள் கெட்டால் குற்றம் அச்சில்தான், லேத்தில் இல்லை. ஆளை நிறுத்துவதானால் தன்னை மட்டும் நிறுத்தவேண்டும் என்றான். இஸ்மாயில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேக்னா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வார்ப்பில் வந்த பொருளுக்கு மேல்தோல் உண்டு. மணல் பதிந்த கறுப்புத் தோல். அதைச் சீவினால்தான் உள்ளே பளபளப்பு. தோலில் உள்ள குழிகள் அரை நூலைவிட ஆழமானால் சீவி முடித்தபின்னும் கறுப்பு நிற்கும். அதோடு, பொருளை லேத்தில் பிடிக்கும்போது மையம் மயிரிழை தப்பினாலும் ஒரு பக்கம் அதிகம் சீவும், மறுபக்கம் தோலைத் தொடாது. இரண்டரை நூல் இருந்தால் இதெல்லாம் மன்னிக்கப்படும். அரை நூலில் மன்னிப்புக்கு இடமில்லை.

மேக்னா புஷ்ஷை லேத்தின் பிடியான சக்கின் நான்கு தாடைகளுக்குள் வைத்து மெல்லச் சுழலவிட்டு, சாக்பீஸை அருகில் நீட்டினாள். துருத்திய பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. எதிர்த் தாடையைத் தளர்த்தி இந்தத் தாடையை முறுக்கினாள். மறுபடி சாக்பீஸ். கோடு முழு வட்டமாக விழும்வரை இருபது நிமிடம் அதையே செய்தாள். உத்தமன் கற்றுக்கொடுத்ததுதான், ஆனால் அவனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. வருடக்கணக்காக அரத்தோடு பிசிறைத் தேடிய கண் அவளுடையது.

முதல் புஷ் பளிச்சென்று வந்தது. மூன்று முறை சலித்த மணலில் குழிகளே விழுந்திருக்கவில்லை. அரை நூல்தான் என்று நம்பியவன் அரை நூலுக்கு ஏற்ற அச்சைக் கட்டியிருந்தான். ஹரிஷங்கர் அந்தத் தோலை விரலால் தடவிப்பார்த்து, நான் கட்டினால் இப்படி வராது என்றார். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில், கடைசிச் சீவலுக்கு முன், கடுகளவு கறுப்பு ஒன்று நின்றது.

மேக்னா லேத்தை நிறுத்தினாள். உத்தமனின் கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று.

"நகருங்க உத்தம். இன்னைக்கு என் நாள்."

அவன் கையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் எதிர்ப்பக்கத்தைத் தொட்டுப்பார்த்தாள். அங்கே இன்னும் கொஞ்சம் சதை பாக்கி. ஒரு தாடையைக் கால் திருகு தளர்த்தி, எதிர்த் தாடையைக் கால் திருகு இறுக்கினாள். மையம் கறுப்பிலிருந்து விலகிப்போயிற்று; இனிக் கத்தி அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் சீவும். இது உத்தமன் சொல்லிக்கொடுக்காதது. கத்தி முனை ஊர்ந்தது. பொன்னிறச் சுருள்கள் விழுந்தன. பொருள் நின்றபோது கறுப்பு இல்லை.

இஸ்மாயில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்றையும் அளந்தார். மூன்றும் கேட்ட அளவில் இருந்தன. மேக்னாவை ஒரு முறை பார்த்தார், உத்தமனை ஒரு முறை பார்த்தார். அப்புறம் வாசலுக்குப் போய்ப் படகுக் கம்பெனிக்குப் போன் செய்தார். வேலை முடிந்ததைச் சொன்னபின் அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆறு பேர்" என்று உரக்கச் சொன்னார் இஸ்மாயில். "ஆறு பேருக்கும் எல்லா வேலையும் தெரியும். இந்தச் சந்துல வேற எங்கயும் அது கிடையாது."

"எனக்கு லேத் தெரியாதே" என்று ஹரிஷங்கர் முணுமுணுத்தார்.

"செவ்வாய்க்கிழமை வாங்க ஹரிதா, எட்டு மணிக்கு" என்றான் உத்தமன். "மேக்னா தீதி சொல்லிக்கொடுப்பாங்க."