முப்பது நிமிஷத் திட்டம்

கெடாவுக்கு நெற்றியில் மருதாணி பூசி, கொம்பில் ஆரஞ்சு நாடா கட்டி, புது விமானத்தின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அது பாட்டுக்குப் புழுக்கை போட்டுக்கொண்டு நின்றது. துருஞ்ச் ஏர் கம்பெனி போன வருஷம் எத்தனை லட்சம் ஜெர்மன்காரர்களை துருக்கியின் அந்தாலியா வெயிலில் கொண்டுவந்து கொட்டியது என்பதெல்லாம் அதற்கு எதற்கு? அதைக் கேட்கத்தான் கொட்டகைக்குள் தொழிலாளிகள் இருநூறு பேர் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். வருஷக் கணக்கை முதலாளி தன் வாயால் சொல்வார், கெடாவை அறுப்பார்கள், புலாவ் போடுவார்கள், மத்தியானம் புது விமானம் டுசெல்டோர்ஃபுக்கு முதல் சவாரி போகும். ஏற்பாடு அவ்வளவுதான்.

காசிம் இந்த ஏற்பாட்டில் எதையும் பார்க்கவில்லை. மூட்டை ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. காலையிலிருந்து அவன் கண் தன் ஆட்களில் ஒருத்தனான இத்ரீஸை மட்டும் தேடிக்கொண்டிருந்தது. விடிந்ததும் விடியாததுமாக இத்ரீஸின் அம்மா சுஹ்ரே போன் செய்திருந்தாள்.

"காசிம், பெருநாளுக்கு ஆடு அறுக்கிற கத்தியக் காணோம்ப்பா. அலமாரிக்குப் பின்னாடி துணியில சுத்தி வெச்சிருந்தேன். இவன் டீ கூடக் குடிக்காம கெளம்பிப் போயிட்டான். ஒருத்தன மண்ணுக்குக் குடுத்துட்டேன். இருக்கிறவன ஜெயிலுக்குக் குடுக்கச் சொல்றியா? அந்தத் தாரிக் நாசமாப் போகட்டும், ஆனா என் புள்ள கையால போக வேணாம். அவன வீட்டுக்கு அனுப்பி வையி."

"அனுப்பி வைக்கிறேம்மா. அவன் கையில ரத்தம் படாது. நான் இருக்கேன்ல."

வாக்குக் கொடுப்பது சுலபம். இத்ரீஸைக் கட்டிப்பிடித்து நிறுத்துவது அப்படியில்லை. முப்பது வயது, எருமை மாதிரி உடம்பு, ஏழு மாதமாக எவனிடமும் சரியாகப் பேசாத வாய்.

அந்த ஏழு மாதக் கதை ஊருக்கே தெரியும். விமானம் வந்து நின்ற பிறகும் அதன் வயிற்றில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அது அணைந்தால்தான் என்ஜின் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதுவரை ஒருத்தனும் கிட்டப் போகக்கூடாது, அதுதான் சட்டம். ஆனால் விமான இயக்கப் பிரிவுத் தலைவன் தாரிக்குக்குச் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. பாதுகாப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "போடா போ, ரெண்டு நிமிஷம் மிச்சம்" என்று கையை வீசுவான். போன ஆகஸ்டில் அவன் அப்படி வீசியபோது இத்ரீஸின் அண்ணன் வெய்செல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என்ஜின் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. குளிப்பாட்டுவதற்கு உருப்படியாக ஒன்றும் மிஞ்சவில்லை, பெட்டியைத் திறக்காமலே புதைத்தார்கள். அவனாகப் போய் மாட்டிக்கொண்டான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தாரிக்குக்குப் பதவி உயர்வு. அடப் பாவிகளா என்று ஊரே வயிறெரிந்தது, எரிந்து என்ன பிரயோசனம்.

டயர் அடுக்குகிற அறையில் இத்ரீஸைக் கண்டுபிடித்தான் காசிம். கதவைச் சாத்தினான்.

"குடு."

"என்னத்த?"

"அம்மா போன் பண்ணாங்க. குடுடா."

"கோழி அறுக்கத் தேடியிருப்பாங்க. நீ போயி முதலாளிக்குக் கை தட்டு அண்ணே, நாற்காலி காலியா இருக்கு பாரு."

காசிம் அவன் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனான். அவ்வளவுதான், இத்ரீஸின் நெற்றி வந்து அவன் வாயில் இடித்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். காசிமும் சளைத்தவன் இல்லை, இருபது வருஷம் பெட்டி தூக்கிய கை. விலாவில் இரண்டு குத்து விட்டான். டயர் அடுக்கு சரிந்து இரண்டு பேர் மேலும் விழுந்தது. கட்டிப் புரண்டதில் துணியில் சுற்றிய கத்தி தரையில் தெறித்தது. காசிம் அதைக் காலால் தள்ளி, எடுத்து, பழைய எண்ணெய் நிரம்பிய பீப்பாய்க்குள் போட்டுவிட்டான்.

இத்ரீஸ் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "சந்தோஷமா? ஒத்தக் கத்திய வெச்சா இந்த ஊரு ஓடுது?"

"ஓங்கம்மாவ நெனச்சுப் பாருடா."

"அவங்களத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். தெனமும் அண்ணனுக்கும் சேத்து ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறாங்க சாப்பாட்டுக்கு. அப்புறம் ஒண்ண எடுத்து உள்ள வைக்கிறாங்க. நீ வந்து பாரு ஒரு நாளு."

காசிம் சட்டைக் கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். இத்ரீஸின் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகையில் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். கண்ணுக்கு எதிரே இருந்தால் பத்திரம் என்று நினைத்தான். அந்த மடப்பயல் கெடா அறுக்கிறவரின் மேஜையை யோசிக்கவேயில்லை.

முதலாளி நெவ்சாத் மேடை ஏறினார். முன்வரிசையில் ஜெர்மன் பங்குதாரர்கள் காதில் மொழிபெயர்ப்புக் கருவியைச் செருகிக்கொண்டார்கள். போன வருஷம் அறுபத்தாறு லட்சம் பயணிகள், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு வருஷம் இல்லை என்றார். நூறு இருக்கையில் தொண்ணூற்று மூன்று நிரம்பிப் பறந்திருக்கிறோம் என்றார். குளிர்காலத்தில்கூட நஷ்டம் இல்லை, கோல்ஃப் ஆட வருகிற கிழவர்களுக்கு அல்லா நீண்ட ஆயுளைத் தரட்டும் என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். இனி வருகிற ஐந்து வருஷத்தில் பதினெட்டு புது விமானம், ஹனோவரில் ஒரு தளம், போலந்திலிருந்தும் பால்டிக் பக்கமிருந்தும் புது வழித்தடங்கள். திரையில் கணக்குப் படம் கம்பம் கம்பமாக வளர்ந்துகொண்டே போயிற்று.

"இதெல்லாம் எப்படி முடிஞ்சுது?" என்று கேட்டார். "விமானம் தரையில நின்னா காசு தின்னும். ஆகாசத்துல இருந்தாத்தான் சம்பாதிக்கும். நம்ம தாரிக், தரையில நிக்கிற நேரத்த அம்பத்தஞ்சு நிமிஷத்துல இருந்து நாப்பதுக்குக் கொண்டுவந்தாரு. வர்ற சீசன்ல முப்பது. ஒரு விமானத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு சவாரி கூடுதல். நம்ம வளர்ச்சியே அந்தப் பத்து நிமிஷத்துலதான் இருக்கு."

தாரிக்குக்குக் கண்ணாடியில் செய்த விமானம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அவன் அதைத் தூக்கிக் காட்டினான்.

"முப்பது" என்றான் இத்ரீஸ். சத்தமே இல்லாமல் சொன்னான். "அண்ணே, முப்பதுல முடிக்கணும்னா வெளக்கு எரியறப்பவே போகணும்ல?"

"பேசாம இரு."

"இல்ல, கணக்குக் கேக்குறேன். ஒரு சீசனுக்கு எத்தன வெய்செல் வேணும்?"

காசிம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நாடி குதிரை மாதிரி ஓடியது. இன்னும் கொஞ்ச நேரம், புலாவ் தின்றுவிட்டால் வீட்டுக்குத் துரத்திவிடலாம் என்று அல்லாவை வேண்டிக்கொண்டான்.

பேச்சை அத்தோடு முடித்திருந்தால் நெவ்சாத்துக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, அவருக்குத் திடீரென்று நெஞ்சு உருகிவிட்டது. கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"நெறைய உழைச்சீங்க. நானும் வெரட்டியிருப்பேன். எங்கிட்ட உங்களுக்கு ஏதாவது பாத்தியதை இருந்தா, அத ஹலால் பண்ணி விட்டுக்குடுங்க. ஹலால்தானே?"

பிரயாணம் போகிறவன் கேட்பான், வேலையை விட்டுப் போகிறவன் கேட்பான். செத்தவனைப் பெட்டியில் வைத்துவிட்டு அவனுக்காக இமாம் மூன்று தரம் கேட்பார். எல்லோரும் "ஹலாலாகட்டும்" என்பார்கள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்ன வாயை அந்த ஊர் பார்த்ததில்லை. இருநூறு பேரும் பழக்க தோஷத்தில் முனகினார்கள்.

"ஹலால்தானே?" இரண்டாம் தரம்.

இத்ரீஸ் எழுந்து நின்றான். "இல்ல. நான் பண்ணல. எங்கண்ணனுக்காகவும் பண்ணல. மறுமையில உன் கழுத்தப் பிடிச்சு வாங்கிக்கிறேன்."

மூன்று பேர் "அல்லா" என்றார்கள். நெவ்சாத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சும்மா இருந்திருக்க வேண்டியவன் தாரிக், ஆனால் சனியன் நாக்கில் உட்கார்ந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும். மைக்கை எடுத்தான்.

"உக்காருப்பா. உங்கண்ணன் கண்ணத் தொறந்து நடந்திருந்தா, இன்னைக்கு அவனும் புலாவ் சாப்பிட்டிருப்பான்."

காசிமின் பிடி எப்படி நழுவியது என்று அவனுக்கே தெரியாது. நாற்காலிகள் சரசரவென்று சரிந்தன. இத்ரீஸ் நேரே மேடைக்குப் போகவில்லை. அறுக்கிறவரின் மேஜைக்குப் பாய்ந்து, தீட்டி வைத்திருந்ததிலேயே நீளமான கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினான். கெடா மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு, ஜெர்மன்காரர்கள் நடுவில் புகுந்து, திறந்திருந்த கதவு வழியாக ஓடுபாதைப் பக்கம் ஓடியே போய்விட்டது.

மேடைப் படியில் காசிம் குறுக்கே விழுந்தான். முதல் வீச்சு தாரிக்கின் கோட்டைக் கிழித்தது. இரண்டாவதைக் காசிம் வெறுங்கையால் பிடித்தான். உள்ளங்கை எலும்பு வரைக்கும் திறந்துகொண்டது. "விடு அண்ணே, விடு, விட்ருண்ணே" என்று இத்ரீஸ் அழுதுகொண்டே அவனை மிதித்தான். காசிம் அவன் முகத்தில் அடித்தான், மறுபடி அதே இடத்தில் அடித்தான், மூக்கு நொறுங்குவது விரல் முட்டியில் தெரிந்தது. அப்படியும் கத்தி கீழே விழவில்லை. கடைசியில் அவன் கையைப் படிக்கட்டின் இரும்பு விளிம்பில் குறுக்கே வைத்து, தன் முழு உடம்பையும் அதன்மேல் போட்டான். விறகு முறிகிற சத்தம் கேட்டது. இத்ரீஸ் போட்ட கூச்சலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

கத்தி கீழே விழுந்தது, யாரோ அதை எட்டி உதைத்தார்கள். காசிம் அவனை விமானத்தின் சக்கரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தன் தொடையில் வைத்துக்கொண்டான். "முடிஞ்சுதுடா. ஒண்ணும் ஆகல. ஒருத்தனும் சாகல. கை கூடிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அழுகை வந்தது, வெட்கப்படவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவன் மனசார நம்பினான்.

தாரிக் கிழிந்த கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தான். கால் வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கியதை இருநூறு பேரும் பார்த்தார்கள் என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஜெர்மன்காரர்கள் கதவோரம் கும்பலாக நின்றார்கள். புகைப்படக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள்.

"என்ன சார் முழிக்கிறீங்க? கெடா ஓடிப்போச்சுன்னா என்ன? ரத்தம் சிந்திருச்சில்ல, பலி பலிதான்." குனிந்தான். இத்ரீஸின் மூக்கிலிருந்து சிமெண்டில் வடிந்து தேங்கியதில் இரண்டு விரலைத் தோய்த்தான். புது டயரில், கெடா ரத்தம் பூசுகிற இடத்தில், அழகாக ஒரு கோடு இழுத்தான்.

"அஸ்தக்ஃபிருல்லா, மனுஷ ரத்தம் சார் அது" என்றார் அறுக்கிறவர். நெவ்சாத் வேறு பக்கம் பார்த்தார். எவனோ ஒருத்தன் பயத்தில் சிரித்தான், புகைப்படமும் எடுத்துவிட்டார்கள்.

தாரிக் காசிமின் கன்னத்தில் அதே விரலால் தட்டினான். "சபாஷ். ஹனோவர்ல புதுத் தளம் தொறக்கிறோம்ல, அங்க நீதான் மேஸ்திரி. நாய் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும்."

காலையிலிருந்து தான் மல்லுக்கு நின்று காப்பாற்றியது யாருடைய உயிரை என்பது அப்போதுதான் காசிமுக்கு உறைத்தது. இத்ரீஸின் தலையைத் தொடையிலிருந்து மெதுவாகத் தூக்கித் தரையில் வைத்தான். எழுந்தான். அவசரமே இல்லை அவனிடம்.

முதல் அடியில் தாரிக்கின் பல் தெறித்தது. கண்ணாடி விமானத்தைக் கேடயம் மாதிரி பிடித்தான், அது உடைந்து அவன் கையிலேயே ஏறியது. காசிம் அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து, சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டில் தலையை மோதினான். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. "அண்ணே வேணாம், போதும் அண்ணே" என்று இத்ரீஸ் ஒற்றைக் கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். அவனை உதறிவிட்டு மறுபடியும் மோதினான். காவலர்கள் நாலு பேர் சேர்ந்து பிரித்து எடுத்தபோது, தாரிக்கின் கண் திறந்திருந்தது, ஆளில் உயிர் இல்லை.

காசிமை முட்டி போட வைத்தார்கள். அவன் இத்ரீஸைத்தான் பார்த்தான்.

"கையக் காட்டுடா."

இத்ரீஸ் விக்கிக்கொண்டே நல்ல கையை நீட்டினான். காசிம் அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது உன் மூக்கு ரத்தந்தான். வேற யாரோடதும் இல்ல. கழுவிட்டு வீட்டுக்குப் போ, அம்மா காத்திருப்பாங்க."