கடைசி அறுநூறு மீற்றர்

அண்ணை, அண்ணை என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன் அந்த மனிசனை! இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

கப்டன் ஹியூபேட் வத்தளைக்காரர், எங்கள் தமிழ்ச் சனம். 1997இல் கொழும்பு முதலாளி ஒருவரின் எட்டுப்பேர் ஜெட்டை அவர்தான் ஓட்டினார். பக்கத்துச் சீற்றில் துணை விமானி நான், சிவானந்தன். வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்குப் பஸ்ஸில் போய்வருவேன். படைமுகாமோடு ஒட்டிய அந்த விமான நிலையத்துக்குள் ஒரு யாழ்ப்பாணத்தான் பாஸ் எடுத்து நுழைவது அந்தக் காலத்தில் சும்மா காரியமா? எனக்காகப் பொறுப்புக் கையெழுத்து வைத்தவர் ஹியூபேட். அந்த நன்றிதான் என் கண்ணை மறைத்தது.

அன்று பின்னேரம் முதலாளியையும் விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு மாலைதீவிலிருந்து திரும்பினோம். மழை விட்டிருந்தாலும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. பின்னாலிருந்து காற்று வேறு தள்ளியது. ஐந்நூறு அடியில் பார்க்கிறேன், வேகம் இருக்கவேண்டியதைவிட இருபது நொட் கூட.

"கோ அரவுண்ட், அண்ணை! மேலெடுங்கோ. சுத்தி வந்து இறங்குவம்."

"பொறும் ஐசே. போன கிழமை சுத்தி வந்ததுக்கே முதலாளி என்னைப் பேசித் தள்ளிப்போட்டார்."

சுற்றி வந்திருந்தால் ஏழு நிமிசம் செலவாகியிருக்கும், அவ்வளவுதான். பாதி ஓடுபாதை கழிந்த பிறகுதான் சில்லு நிலத்தைத் தொட்டது. அவர் ரிவர்சரைத் திறந்தார். எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கிற கதவு அது. அதைத் திறந்த பிறகு மறுபடி எழும்பும் கதையே கிடையாது. ஒரு பக்கத்துக் கதவு மூடாமல் நின்றால் விமானம் புரண்டுவிடும். இரண்டும் மூடினாலும் எழும்ப இடம் போதாது. இதை எனக்குப் படிப்பித்ததே ஹியூபேட்தான்.

மிச்சம் அறுநூறு மீற்றர். முன்னால் காலி வீதிப் பக்கத்து மதில். மனிசன் கலங்கிப்போனார். ரிவர்சரை மூடி, மேலே எழும்ப, எஞ்சினுக்கு விசை கூட்டும் த்ரொட்டிலை முழுக்க முன்னே தள்ளினார்.

"எழும்பேலாது! விடுங்கோ!"

அவர் கையைத் தட்டிவிட்டு த்ரொட்டிலைப் பின்னால் இழுத்தேன். இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றேன். ஜெட் பாதையைத் தாண்டிப் புல்லை உழுதுகொண்டு போய், முன்சில்லு முறிந்து, மதிலுக்கு இருபது அடி இப்பால் நின்றது. உள்ளே இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஹியூபேட் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளைபோல் அழுதார். "என்ர பிள்ளையளுக்கு அப்பனைத் திருப்பிக் குடுத்தது நீர்தான், சிவா." நானும் அழுதேன்.

கதைப்பதைப் பதியும் பெட்டி அந்தச் சின்ன ஜெட்டில் இல்லை. பயணிகளுக்கும் எங்களுக்கும் நடுவில் கதவு. எதற்கும் சோதித்துப் பார்க்கவென்று என்னை மருந்தறைக்குக் கூட்டிப்போன நேரத்தில், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஹியூபேட்தான் பொலிசுக்கு நடந்ததைச் சொன்னார். வந்து பார்த்தால் என் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதி ஆயத்தமாக இருந்தது.

எனக்குச் சிங்களம் பொழிந்துதள்ள வரும், வாசிக்க ஒரு எழுத்துத் தெரியாது. வெள்ளவத்தையில் எங்களைப்போல் எத்தனையோ பேர். எந்தச் சிங்களக் கடதாசியையும் கீழ்க்கடை இஸ்ஸதீன் நானாவிடம் காட்டாமல் கையெழுத்து வைக்கக்கூடாது என்பது என் மனைவி அருந்ததியின் சட்டம். அன்று எனக்கு நானா எதற்கு? பக்கத்தில் அண்ணை இருந்தாரே!

அவர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். "எல்லாம் நடந்தபடிதான் கிடக்கு. சைன் பண்ணும்."

பண்ணினேன், விசரன்.

மூன்று கிழமையில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கூடவே வாக்குமூலத்தின் பிரதி. அருந்ததி அதை நேரே நானாவின் கடைக்குக் கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன். நானா பாதி வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தம்பி, இது நீங்க சொன்னதா? கப்டன் விமானத்த நிப்பாட்டிக்கொண்டு வந்தாராம். நீங்க பயந்து, மேல எழும்ப த்ரொட்டிலத் தள்ளினீங்களாம். கப்டன்தான் இழுத்து எல்லாரையும் காப்பாத்தினாராம். இப்படித்தான் ஈக்கிது."

"இன்னொருக்கா வாசியுங்கோ, நானா."

வாசித்தார். அதேதான். "அப்ப லைசன்ஸ் போச்சு" என்றாள் அருந்ததி. பதினொரு வருச உழைப்பு, அவள் நகை விற்றுப் படித்த படிப்பு, எல்லாம் அந்த ஒரு தாளில் போயிற்று.

வத்தளைக்கு ஓடினேன். "உங்கட பிழையை என்ர தலையில கட்டிப்போட்டியளே, அண்ணை! உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?"

அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். "கத்தாதையும். உண்மையைச் சொல்லப்போறீரோ? போய்ச் சொல்லும். தமிழ்ப் பெடியன் ஒருத்தன் கப்டன்ர கையில இருந்து த்ரொட்டிலைப் பறிச்சவன் எண்டு எழுதுவினம். இந்தக் காலத்தில அவனுக்குப் புலி எண்டுதானே பேர் ஐசே? பயந்தவன் எண்டால் லைசன்ஸ் மட்டும்தான் போகும். பறிச்சவன் எண்டால் நீரே போயிடுவீர்."

"நீங்கள் பிழை விட்டதை நீங்களே ஒத்துக்கொண்டால், ஏன் பறிச்சனான் எண்டு அவங்களுக்கு விளங்கும்தானே!"

"எனக்கு நாலு பிள்ளையள்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணை நாளில் அதிகாரி அந்தத் தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். இது என் வாக்குமூலம்தானா என்று கேட்டார். எதிரே ஹியூபேட், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன். பொய் என்று கத்தத்தான் வாயெடுத்தேன். வெளியே வாங்கில் அருந்ததி காத்திருந்தாள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுப் பெண்கள், பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத புருசன்மாரின் படத்தோடு முகாம் முகாமாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றேன். "என்னுடையதுதான்."

லைசன்ஸை மேசையிலேயே வாங்கிக்கொண்டார்கள். நடைபாதையில் ஹியூபேட் பின்னாலேயே வந்து என் தோளில் கை போட்டார்.

"ஒண்டுக்கும் யோசிக்காதையும் ஐசே. உம்மைக் காப்பாத்திப்போட்டன்."

சொல்லிவிட்டுப் போகவில்லை அவர். நான் நன்றி சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.