முன்கூடத்துச் சுறா

அருங்காட்சியகத்தின் முன்கூடம் யாருக்கு என்பதில்தான் தகராறு. கேட்டவர்கள் இருவர். அக்காளைக் கட்டியவர் ஆழ்கடல் சுறா நிபுணர். தங்கையைக் கட்டியவர் நன்னீர் டயட்டம் நிபுணர். டயட்டம் என்பது கண்ணாடி ஓடு போர்த்திய ஒற்றைச் செல் பாசி. கண்ணுக்குத் தெரியாது. நிபுணர் அப்படியல்ல, கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்.

"சகலை, உங்க ஆளுக்குப் பல்லு உண்டா?"

"உங்க ஆளு வெயிலைப் பார்த்திருக்கா? நீங்க இழுக்கிற மூச்சுல எங்க ஆளுங்க பங்கு இருக்கு, மறந்துடாதீங்க."

வாரியத் தலைவி மூத்தவருக்கே முதல் வாய்ப்புக் கொடுத்தார். திறப்பு நாளில் பார்த்துப் பிடித்துவிட்டால் கூடம் நிரந்தரமாக அவருக்கு.

ஃபைபரில் ஒரு சுறா செய்து கண்ணாடித் தொட்டியில் இறக்கினார் மூத்தவர். தண்ணீர், தோட்டத்துக் குளத்திலிருந்து. ஆழ்கடலில் வெளிச்சமே கிடையாது என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவர், தன் சுறா எடுப்பாகத் தெரியவேண்டுமென்று தொட்டியைச் சுற்றி விளக்கு கட்டினார், நகைக்கடை தோற்றது. விளக்கை அணைக்காமலே வெளியே திரை போட்டு மூடினார். திறக்கும் வரை யாரும், தானும்கூட, எட்டிப் பார்க்கக் கூடாதாம்.

சில வாரம் கழித்துத் தலைவி முன்னால் திரையை இழுத்தார். கண்ணாடி முழுக்கக் கஷாயம் பூசினாற்போல் பழுப்பு. சுறாவின் மூக்கு நுனிகூடத் தெரியவில்லை.

"சுறா எங்கே?"

"அம்மா, இதுதான் ஆழ்கடல். அங்க போனாலும் இப்படித்தான், ஒண்ணும் தெரியாது."

"அப்போ இத்தனை விளக்கு எதுக்கு?"

இளையவர் ஏணியில் ஏறி, தொட்டிக்குள் கைவிட்டு, பழுப்பை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். காரில் அது எப்போதும் இருக்கும். மாமியார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக்கூட விட்டுவைத்தவரில்லை.

"பாருங்கம்மா, அத்தனையும் டயட்டம். குளத்துத் தண்ணி, ஓயாத வெளிச்சம்... சகலை எங்களுக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கார்."

குனிந்த தலைவி வெகுநேரம் நிமிரவில்லை. படகு, ஊசி, விசிறி என்று விதவிதமாகக் கண்ணாடி ஓடுகள். நிமிர்ந்ததும், "கூடம் இவருக்கு," என்றார்.

"அப்போ என் சுறா? வெளியே எடுத்துடவா?"

"ஐயோ, வேணாம் சகலை," என்றார் இளையவர் பெருந்தன்மையாக. "எங்க ஆளுங்க ஒட்டிப் படர ஏதாவது சொரசொரன்னு வேணும்ல?"