அழித்த வட்டம்

நாளைக் காலை ஆபரேஷன். புற்றுநோய் வந்த மூத்திரப்பையை எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே மூத்திரம் சேர ஒரு பை ஒட்டுவார்கள். ஓட்டை வரவேண்டிய இடத்தில் நர்ஸ் ஊதா மையால் வட்டம் போட்டாள். "குளிக்கிறப்போ அழியாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

வட்டத்தோடு கட்டிலில் இருந்தவள் சட்டைக் கம்பெனியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிய தையல்காரி. துணியில் சாக்பீஸ் கோடு விழுந்தால் அடுத்தது கத்தரிதான். கோட்டை அழித்துவிட்டால் துணி பிழைத்துக்கொள்ளும். வேறெதுவும் யோசிக்காமல் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சோப்பும் நாருமாகத் தேய்த்தாள். ஊதா போய்ச் சிவப்பு வந்தது. அப்புறமும் தேய்த்தாள்.

மகள் கதவைத் தட்டினாள். வீட்டின் முதல் பட்டதாரி. இத்தனை நாளும் டாக்டர் பேசியது அவளிடம்தான், தலையாட்டியதும் அவள்தான்.

"என்னம்மா பண்ற உள்ள?"

கதவு திறந்தது. மகள் வயிற்றைப் பார்த்தாள்.

"அழிச்சிட்டியா? மூளை இருக்கா உனக்கு? இந்தத் தேதி கிடைக்க நான் எத்தனை பேர் கால்ல விழுந்தேன் தெரியுமா?"

"விழுந்தது நீ. வெட்டு எனக்கு."

சிவந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள் அம்மா.

"பக்கத்து மெஷின்காரி மூக்கு உனக்குத் தெரியாது. மதியம் நான் வெங்காயம் தின்னா சாயங்காலம் வரைக்கும் குத்திக் காட்டுவா. இந்தப் பை வாடை அடிச்சா..." மகளை நிமிர்ந்து பார்த்தாள். "அடிக்குமான்னு டாக்டரைக் கேட்டியா?"

மகள் கேட்கவில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்றுதான் கேட்டிருந்தாள்.

விடுவிடுவென்று போய் நர்ஸைக் கூட்டி வந்தாள். "இனிமே எதுவா இருந்தாலும் எங்கம்மாகிட்ட சொல்லுங்க. என்கிட்ட இல்ல."

சிவந்த தோலைப் பார்த்தும் நர்ஸ் திட்டவில்லை. "பை ஒழுங்கா ஒட்டிச்சுன்னா வாடை வராதும்மா."

"கசிஞ்சா?"

"ஆரம்பத்துல கசியலாம். மாத்தக் கத்துத் தர்றேன். மடிப்பு விழாத இடமாப் பாக்கணும். மெஷின்ல எப்படி உக்காருவீங்க? உக்காந்து காட்டுங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை நீட்டி, குனிந்தாள். மடிப்புக்கு மேலே, சிவப்புக்குச் சற்றுத் தள்ளி, பேனா வந்து நின்றது.

"இங்க போட்டா உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியுது. கொஞ்சம் இருங்க." மகளின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ம், போடுங்க."

மை ஜில்லென்று பட்டது. மெஷின் இல்லாத தரையை அவள் வலது கால் மிதித்துக்கொண்டே இருந்தது. நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை.