பாலம் கேட்ட மடல்

பண்டிதர் ராமப்பன் எழுதிய வரவேற்பு மடலை மூன்றாம் முறையாக வாசிக்கச் சொன்னாள் சென்னம்மா. கெலமங்கலம் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்திய மருத்துவச்சி அவள். யாருக்கும் பயந்து பழக்கமில்லை. நாளை மறுநாள் ஜில்லா அதிகாரி ஊருக்கு வருகிறார். அவரிடம் ஓடைக்கு ஒரு பாலம் கேட்டாக வேண்டும்.

பண்டிதர் கனைத்துக்கொண்டு பாடினார். பதினாறு அடி. அதிகாரி சூரியனானார், மேகமானார், கற்பகத் தருவும் ஆனார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. இதுல ஓடை எங்க இருக்குது?"

"பதினஞ்சாவது அடியில 'நீரிடர்'னு வருது பாரு."

"போன வருசமும் இப்படித்தான் எங்கியோ வந்துச்சு! அந்த அதிகாரி ரெண்டு தரம் 'பலே'ன்னாரு, ஜீப்புல ஏறிப் போயிட்டாரு. அப்புறம் ஐப்பசியில என்னா ஆச்சு?"

ஐப்பசி வெள்ளத்தில் அக்கரைக் கெம்பம்மாவைப் பறிகொடுத்ததைச் சென்னம்மா இன்னும் மறக்கவில்லை. பண்டிதருக்கோ கோபம் வந்தது.

"செய்யுள்தாம்மா இலக்கியம். உரைநடைங்கிறது அதுக்கு அர்த்தம் சொல்ல வந்த வேலைக்காரி. மடலை வெறும் பேச்சுல எழுதினா ஊரு சிரிக்காதா?"

"அப்ப நூலுக்குச் சொன்ன அந்தப் பத்து அழகும் பத்துக் குத்தமும்? சுருக்கமா இருக்கணும், கேக்குறவனுக்கு விளங்கணும், வீண் வார்த்தை கூடாதுன்னு பெரியவங்க சொன்னதா கோயில்ல அத்தனை பேருக்கும் சொன்னீங்களே! அது பாட்டுக்கு மட்டுந்தானுங்களா?"

பண்டிதர் மடலை மடித்து வைத்தார். பாட்டுக்கு மட்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. முப்பது வருஷம் நடத்திய பாடம், பாழாய்ப்போனது, இவள் வாயிலா வந்து மாட்ட வேண்டும்!

"சரி, சொல்லித் தொலை."

அவள் சொல்ல அவர் எழுதினார். ஓடைக்கு முன்னால் 'அலைகடலென ஆர்ப்பரிக்கும்' என்று போட்டார். "கடல் இல்லீங்க, ஓடை," என்றாள். அவர் அந்த வார்த்தைகளை அடித்தார். கெம்பம்மா கதை வந்ததும் அவள் அழுது அழுது நீட்டினாள். இப்போது அவர் கையை உயர்த்தினார். "போதும்மா. இதுக்கு மேல சொன்னா கெட்டுப்போகும்." சென்னம்மாவுக்கு அந்த மனிதர்மேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

வரவேற்பு விழாவன்று பண்டிதர் ராகம் போடாமல் வாசித்தார்.

"ஐயா, எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் நடுவே நாற்பது முழ ஓடை. போன ஐப்பசியில் அக்கரை வெங்கடப்பன் மனைவி கெம்பம்மாவுக்குப் பிரசவ வலி. வெள்ளத்தில் மூன்று தரம் இறங்கியும் மருத்துவச்சியால் கடக்க முடியவில்லை. சாயங்காலம் வரை கெம்பம்மாவின் குரல் இக்கரைக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பாலம் வேண்டும்."

ஒருவரும் கைதட்டவில்லை. அதிகாரி 'பலே' சொல்லவில்லை. மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்த ஓடை எங்கே?"

"வாங்க, காட்டறன்," என்று சென்னம்மா முன்னால் நடந்தாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஓடையை அளந்தார்கள். அளவு நாடாவை இக்கரையில் சென்னம்மாவே பிடித்தாள். மறுமுனை அக்கரையில் வெங்கடப்பன் கையில் இருந்தது.