கொசுறு கேட்காத தெல்பினா

சந்தைக்குப் போய்க் கொசுறு வாங்காமல் தெல்பினா திரும்பியதே இல்லை. லிமாவில் இவள் தெருமுனையில் பழச்சாறு விற்கிறவள், இவள் தலையைக் கண்டதுமே அரைக் குவளை கூடுதலாகப் பிழிந்து வைத்துவிடுவாள். ஆனால் வாய்க்குப் பிடித்தால்தான் தெல்பினா கேட்பாள். பிடிக்காததை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டாள்.

குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அவள் நாக்கின் ருசியைக் கொண்டுபோய்விட்டது. நாலு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். கணவர் எலியோதோரோ முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். எந்த ஊரில் என்ன தின்னலாம் என்பது அவருக்கு அத்துப்படி. ஏதாவது ஓர் ஊரின் பண்டம் ருசியைத் திருப்பிக் கொடுத்துவிடாதா என்று அவளைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டார்.

இக்காவில் பால்கோவா பொதிந்த சாக்லேட். அரெகிபாவில் பட்டை தூவிய பால் ஐஸ், அதற்கு முன் கறி அடைத்த ரொகோட்டோ மிளகாய். அந்தக் காரத்தில் அவருக்கே கண்ணீர் கொட்டியது. அவளோ ரொட்டி தின்கிற மாதிரி தின்றாள். ருசி கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஒரு கடையிலும் கொசுறு கேட்கவில்லை. பாவி மனுஷி, எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்துபோனது.

அயாகுச்சோதான் கடைசி ஊர். சதுக்கத்து வளைவுகளின் கீழ் தொப்பி போட்ட பெண்கள் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். எள்ளும் தேங்காயும் கிராம்பும் சேர்த்த பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, உப்புப் போட்ட பனிக்கட்டிக்குள் வைத்துக் கையாலேயே சுழற்றி உறைய வைப்பார்கள். செனைதா என்பவள் பக்கத்துக் கடைக்காரியோடு வம்பளந்தபடியே பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு கிண்ணம் போட்டுக் கொடுத்தாள்.

எலியோதோரோவால் அதற்கு மேல் முடியவில்லை.

"போதும் தெல்பினா. எனக்காக நடிக்காதே. ருசி வராட்டிப் போகுது, நீ இருக்கேல்ல, அது போதும் எனக்கு."

அவள் குனிந்துகொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டாள். முகம் அப்படியே கோணிக்கொண்டது.

"ஏம்மா, இது ஐஸா, கருவாடா? ஒரே உப்பு!"

செனைதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் அம்மா காலத்திலிருந்து இப்படி ஒருத்தரும் சொன்னதில்லையாம், கோளாறு நாக்கில்தான் இருக்குமாம். எலியோதோரோ அவசரமாகத் தன் கிண்ணத்தில் வாய் வைத்துப் பார்த்தார். கடல் தண்ணீர் தோற்றது. சுழற்றிய வேகத்தில் பனிக்கட்டி கரைந்த உப்புத் தண்ணீர் பாத்திரத்துக்குள் தெறித்திருக்கிறது. அவர் அதைத் துப்பவில்லை. அழுதுகொண்டே ஒரு சொட்டு விடாமல் தின்றார். செனைதா பயந்துபோய்ப் பக்கத்துக் கடையிலிருந்து வேறு ஐஸ் வாங்கித் தெல்பினாவிடம் கொடுத்தாள்.

அவள் அதை மெதுவாகத் தின்றாள். நடுவில் ஒரு கிராம்பைக் கடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு காலிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"கொசுறு எங்கே?"